பின்னறை முழுக்கத் திரும்பி வந்த பார்சல்: ரிட்டர்ன் எடுப்பதையே நிறுத்திவிடலாமா?

வெள்ளவத்தைக்கடை | திங்கள் இரவு 10.40

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் சின்ன உடுப்புக் கடை வைத்திருக்கிறேன். பஞ்சாபி (சல்வார் செட்), பிள்ளைகளின் உடுப்பு, கொஞ்சம் சேலை. கடைக்கு நேரே வருபவர்கள் பாதி, பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடர் போடுபவர்கள் பாதி. ஓடர்களில் பெரும்பாலானவை சிஓடி, அதாவது பார்சல் வாசலுக்குப் போனபிறகுதான் காசு.

தீபாவளிக்கு அனுப்பியதில் திரும்பி வந்தவை பின்னறையில் கிடக்கின்றன. முதலில் ஒரு மூலை. பிறகு அயன் மேசை. இப்போது மனைவி அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டாள். நேற்று அடியிலிருந்த ஒரு பையைப் பிரித்தால் உள்ளே எலி கடித்த பட்டுச் சேலை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கடையில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கிறார்கள் போலத் தெரிகிறது. நானும் மாட்டிவிடவா? அல்லது வேறு வழி இருக்கிறதா? ரிட்டர்ன் எடுத்தும் நட்டப்படாமல் யாராவது நடத்துகிறீர்களா?

---

இரண்டாம்குறுக்கு | செவ்வாய் காலை 6.15

தம்பி, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் முப்பது வருடமாகத் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்களிடமும் சாமான் திரும்பி வந்தது. ஹட்டன் கடைக்காரர், கல்முனைக் கடைக்காரர் அடுத்த சரக்கு எடுக்க வரும்போது, போன தடவை பழுதானதை ஒரு மூட்டையில் கட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்து, கொஞ்சம் சண்டை போட்டு, கணக்கில் கழித்து, தேநீர் குடித்து அனுப்புவோம். அந்த ஆள் மறுபடியும் சரக்கு எடுத்ததால் அது நட்டமாகத் தெரியவில்லை.

உனக்கு வருவது முகம் தெரியாத ஆள். இன்றைக்கு உன்னிடம் ஓடர் போடுவான், நாளைக்கு வேறு பக்கத்தில் நூறு ரூபா குறைவாகக் கண்டால் உன் பார்சலை வேண்டாம் என்பான். அவனுக்கு ஏன் இரக்கம்? பலகையை மாட்டு.

---

கணக்கப்பிள்ளை | செவ்வாய் காலை 9.05

இரண்டாம்குறுக்கு நானா சொல்வதில் வியாபார அனுபவம் இருக்கிறது, ஆனால் பலகை விடயத்தில் கவனம். இங்கே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 இலிருந்து இருக்கிறது. சொன்ன விபரத்துக்கு ஏற்ற பொருளாக, விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே விற்பனைக்குள் அடங்கியதாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதோடு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வாங்கி மூன்று மாதத்துக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் முறையிடலாம். கேட்டால் பில் கொடுக்கவும் வேண்டும். "எனக்கு நிறம் பிடிக்கவில்லை" என்பவரை நீங்கள் திருப்பி அனுப்பலாம். தையல் விட்ட சட்டைக்குப் பலகையைக் காட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள்.

இனிக் கணக்கு. ஒரு பஞ்சாபி 4,800 ரூபா என்று வைத்துக்கொள்வோம், அடக்கவிலை 3,300. போக வர கூரியரும் பையும் சேர்த்து 660 என்று பிடியுங்கள். கூரியருக்குக் கூரியர் இது மாறும்.

அது திரும்பி வந்து, அதே வாரம் முழு விலைக்குப் போய்விட்டால் 1,500 லாபத்தில் 660 போய் 840 மிஞ்சும். இரண்டு மாதம் மூலையில் கிடந்து, பண்டிகை முடிந்து, 3,000 க்குக் கழித்துக் கொடுத்தால் 300 நட்டம், அதோடு 660, மொத்தம் 960 கைநட்டம். ஒரே உடுப்பு, ஒரே ரிட்டர்ன். இரண்டுக்கும் நடுவே 1,800 ரூபா வித்தியாசம். தம்பி, உங்களைத் தின்பது ரிட்டர்ன் இல்லை, அந்த மூலை.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இருக்கிறதா? இருந்தால் இன்னொன்று. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 4,800 க்குள் வற் மட்டும் 732 ரூபா. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவுக் குறிப்பு (அந்த விற்பனையைக் கணக்கில் கழிக்கும் சீட்டு) எழுத மறந்தால், விற்காத உடுப்புக்கு அரசாங்கத்துக்கு 732 கட்டியவர் ஆவீர்கள். இதை மறந்த கடைகளை வருடத்துக்கு வருடம் பார்க்கிறேன்.

வருட முடிவில் அந்த அறையிலுள்ள சரக்கை அடக்கவிலையில் கணக்கெழுதவும் வேண்டாம். விற்றால் உண்மையில் என்ன கிடைக்குமோ அது குறைவாக இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். எலி கடித்த பட்டு, ஏட்டில் இன்னும் புதுப்பட்டாக நிற்கும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போதுதான் வலி தெரியும்.

---

மோட்டார்சைக்கிள்_பார்சல் | செவ்வாய் பகல் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஒரு கூரியரில் ஓடுகிறேன், முன்பு களஞ்சியத்திலும் நின்றேன்.

அண்ணா, உங்கள் பார்சல் ஏன் திரும்பி வருகிறது என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை முதல் காரணம் போன் எடுக்காதது. தெரியாத இலக்கம் என்றால் எடுக்கமாட்டார்கள். விலாசத்தில் "கோவிலுக்குப் பக்கத்தில்" என்று மட்டும் இருக்கும். எந்தக் கோவில்? கொட்டாஞ்சேனையில் மட்டும் எத்தனை கோவில்!

அடுத்தது சம்பளம். நிறையப் பேருக்கு 25 ஆம் திகதிக்குப் பக்கத்தில்தான் கையில் காசு. நீங்கள் 17 ஆம் திகதி அனுப்பினால் "தம்பி, நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்குப் போனால் மறுபடி நாளைக்கு. இரண்டு மூன்று தடவைக்குமேல் நாங்கள் போகமுடியாது, பை களஞ்சியத்துக்குத் திரும்பிவிடும். அங்கே புறப்படும் பார்சலுக்குத்தான் அவசரம். திரும்பிப் போகும் பார்சல் கூண்டு நிறையும்வரை நிற்கும். அதுதான் உங்களுக்கு வர இரண்டு வாரம் எடுக்கிறது.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். சில கடைகள் ஒரே பொலித்தீன் பையில் நான்கு சுற்று டேப் ஒட்டி அனுப்புகின்றன. வாடிக்கையாளர் கிழித்துத்தான் திறக்க வேண்டும். திருப்பி அனுப்ப அவரிடம் பையே இருக்காது. அரிசிப் பையில் கட்டித் தந்த சேலையையும் நான் ஏற்றியிருக்கிறேன்.

---

தெஹிவளைவாசகி | செவ்வாய் மாலை 4.50

வாங்குபவர் பக்கத்திலிருந்து நானும் பேசலாமா? இங்கே எல்லோரும் வாடிக்கையாளரைத் திருடன் போலப் பேசுகிறீர்கள்.

போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு சட்டை வாங்கினேன். படத்தில் மாம்பழ மஞ்சள். வந்தது மஞ்சள் தூளில் தண்ணீர் ஊற்றிய நிறம். கேட்டதற்கு "வெளிச்சத்தால் அப்படித் தெரியும் அக்கா" என்றார்கள். திருப்பித் தருகிறேன் என்றால் கூரியர்க் காசு நீங்கள்தான் என்றார்கள். சரி என்று அனுப்பினேன். பதினெட்டு நாள் பதில் இல்லை. பிறகு காசுக்குப் பதில் "கூப்பன்" தந்தார்கள், அதுவும் ஒரு மாதத்துக்குள் பாவிக்க வேண்டுமாம். அந்தக் கடையின் பெயர் சொல்லவில்லை. ஆனால் என் வட்டத்தில் எட்டுப் பேருக்காவது சொல்லிவிட்டேன்.

வேறொரு கடையில், இதே மாதிரிப் பிரச்சினைக்கு, வாட்ஸ்அப்பில் படம் கேட்டார்கள், அடுத்த நாள் வேறு சைஸ் அனுப்பினார்கள், பழையதை அதே கூரியர்ப் பையனிடம் கொடுக்கச் சொன்னார்கள். முடிந்தது. தீபாவளிக்கு அங்கேதான் வாங்கினேன்.

---

பம்பலப்பிட்டிச்சுத்தியல் | செவ்வாய் இரவு 8.20

நான் உடுப்புக்காரன் இல்லை. பம்பலப்பிட்டியில் கணினி, வீட்டு மின்சாதனம் திருத்தும் வேலை. ஆனால் நோய் ஒன்றுதான்.

"வேலை செய்யவில்லை" என்று கடைகளுக்குத் திரும்பி வந்து, பிறகு என் மேசைக்கு வரும் சாமானில் கணிசமானதில் கோளாறே இல்லை. பிளக் பொருந்தவில்லை என்று ஒரு ரைஸ் குக்கர் வந்தது. வீட்டில் பழைய உருளைப் பின் சொக்கெட், சாமானில் தட்டைப் பின். இருநூறு முந்நூறு ரூபாய்ப் பிளக் பிரச்சினைக்கு ஒரு குக்கர் கொழும்பெல்லாம் சுற்றிவந்தது. கடைப் பையன் விற்கும்போது "அக்கா, வீட்டில் எந்தச் சொக்கெட்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆகவே திரும்பி வந்ததை "ரிட்டர்ன்" என்று ஒரே குவியலில் போடாதீர்கள். வந்த அன்றே பிரித்துப் பார்த்து, ஏன் வந்தது என்று பையின்மேல் பென்னால் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று வைத்த எதையும் நான் எழுதியதில்லை.

---

வெள்ளவத்தைக்கடை | புதன் இரவு 11.55

எல்லோருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை ஐயாவின் 1,800 ரூபா என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வற் பதிவு எங்களுக்கு இல்லை, அந்த வகையில் தப்பினேன். இன்று கடை பூட்டியபிறகு நானும் மனைவியும் பின்னறையில் இருந்து ஒவ்வொரு பையாகப் பிரித்தோம். ஒரு பழைய கொப்பியில் எழுதினோம். மொத்தம் 63.

44 பை திறக்கப்படவே இல்லை. வாங்கவேண்டியவர் கையால் தொடாதவை. நான் அவற்றையும் "ரிட்டர்ன்" என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன், பலகை மாட்டினால் நிற்கும் என்றும் நினைத்தேன். வாசலிலேயே வேண்டாம் என்றவருக்கு என் பலகை எதற்கு?

12 சைஸ் சரியில்லாமல் வந்தவை. 4 நிறம். (தெஹிவளை அக்கா, மன்னிக்கவும். நாங்களும் கடை டியூப் வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறோம்.) 3 தையல் பிழை.

அந்தப் 12 இல் 9 ஒரே மாடல். லேபலில் 40 என்று இருக்கிறது. மனைவி நாடா வைத்து அளந்தாள், எல்லாமே 38. ஒன்பது பெண்கள் ஒன்பது ஊரிலிருந்து ஒரே விடயத்தைச் சொல்லியிருக்கிறார்கள், நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "உங்கள் அளவைச் சரியாகப் பாருங்கள்" என்று பதில் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அந்தப் பதில்களை இப்போது வாசிக்க வெட்கமாக இருக்கிறது. அந்த மாடலில் இன்னும் 14 கடையில் தொங்குகிறது.

---

இரண்டாம்குறுக்கு | வியாழன் காலை 6.00

அந்த மாடல் எந்தக் கடையில் எடுத்தாய்? எங்கள் தெருவாக இருந்தால் 9 ஐயும் 14 ஐயும் கொண்டுவா, நானும் கூட வருகிறேன். லேபல் 40, அளவு 38 என்றால் அது உன் பிழை இல்லை, கொடுத்தவன் பிழை. நாடாவையும் கொண்டுவா. பலகை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று நினைக்காதே, ஆனால் 44 க்குப் பலகை உதவாது என்பது சரிதான்.

---

கிருலப்பனை_ஓன்லைன் | வியாழன் காலை 10.10

44 க்கு என்னிடம் மருந்து இருக்கிறது. பார்சலை எடுக்காமல் ஏமாற்றுபவர்களின் போன் இலக்கம், பெயர், விலாசம் எல்லாவற்றையும் ஒரு குழுவில் போடுகிறோம். முந்நூறுக்குமேல் இலக்கம் சேர்ந்துவிட்டது. வேண்டுமென்றால் உங்களையும் சேர்க்கிறேன்.

---

கணக்கப்பிள்ளை | வியாழன் காலை 10.35

சேரவேண்டாம், தம்பி. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே, 9 ஆம் இலக்கமாக நிறைவேறியிருக்கிறது. ஓடர் அனுப்பத் தந்த இலக்கத்தை ஊருக்குப் போடத் தரவில்லை. சட்டத்தை விடுங்கள், மோட்டார்சைக்கிள் தம்பி சொன்னதைப் பாருங்கள்: போன் எடுக்காதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரும் அந்த முந்நூறுக்குள் இருப்பார். உங்கள் கடைக் கொப்பியில், உங்களுக்கு மட்டும், "இவருக்கு முன்காசு வாங்கி அனுப்பு" என்று குறித்துக்கொள்ளுங்கள். அது போதும்.

---

கிருலப்பனை_ஓன்லைன் | வியாழன் காலை 10.50

உங்களுக்கு நட்டம் வந்தால் தெரியும் ஐயா.

---

கொலன்னாவைச்சுவர் | வியாழன் இரவு 9.15

இந்த இழையில் எல்லோரும் ரூபாய்க் கணக்குப் பேசுகிறீர்கள். நான் கொலன்னாவைப் பக்கம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை வீடுகளின்மேல் சரிந்தது எங்களுக்கு மிக அருகில். முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன்பிறகு, "தூக்கிப் போடு" என்று யாராவது சொன்னால் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கொழும்புக் குப்பையில் ஒரு பகுதி கெரவலப்பிட்டியில் எரிகிறது, ஒரு பகுதி புத்தளம் பக்கம் அறுவக்காட்டுக்கும் போயிருக்கிறது. பொலியெஸ்டர் பஞ்சாபி மண்ணில் மக்காது.

வெளிநாட்டுப் பெரிய கடைகள் இதைவிட மோசமாக நடந்திருக்கின்றன. பேர்பெரி நிறுவனம் ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண் பெறுமதியான விற்காத சரக்கை அழித்தது 2018 இல் வெளியே வந்து, எதிர்ப்பு எழுந்தபிறகு நிறுத்தியது. பிரான்ஸ் 2020 இல் அதைத் தடுக்கவென்று சட்டமே கொண்டுவந்தது. இலவச ரிட்டர்ன் என்று பழக்கிவிட்டு, பிறகு சாரா போன்ற கடைகள் பிரிட்டனில் 2022 இல் திருப்பி அனுப்பக் காசு கேட்கத் தொடங்கின.

நம் ஊருக்கு வேறு பழக்கம் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சியதை, சின்னக் குறை உள்ளதை, வாங்கி உடுத்த நமக்குக் கூச்சம் கிடையாது. ஓடெல் என்ற பெரிய உடுப்புக் கடை 1989 இல் தொடங்கியதே ஒருவர் தன் கார்ப் பெட்டியில் வைத்து ஏற்றுமதி மிச்ச உடுப்பு விற்றதில்தான். ஆகவே அந்த 3 தையல் பிழையையும் மறைத்து விற்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். "இடது தோளில் தையல் விட்டது, தைத்துத் தந்திருக்கிறோம், இவ்வளவு குறைவு" என்று எழுதித் தொங்கவிடுங்கள். வெள்ளவத்தையில் ஒல்டரேஷன் தையல்காரருக்கா பஞ்சம்?

அனாதை இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லுமுன் ஒன்று: அவர்களிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். விற்காத 38 சைஸ் மினுக்குப் பஞ்சாபிகளை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

---

வெள்ளவத்தைக்கடை | நான்கு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு மாலை 5.30

நடந்ததைச் சொல்லவேண்டும் என்று வந்தேன்.

நானா சொன்னபடி 23 பஞ்சாபியையும் கொண்டுபோனோம். கொடுத்தவர் முதலில் லேபலைத்தான் காட்டினார். நானா நாடாவைக் காட்டினார். 15 மாற்றித் தந்தார், 8 எங்கள் தலையில். அந்த எட்டுக்கும் மனைவி "38" என்று புது ஸ்டிக்கர் ஒட்டினாள். ஆறு போய்விட்டது, ஒன்றும் திரும்பவில்லை. இப்போது ஒவ்வொரு மாடலையும் தட்டையாக விரித்து, நெஞ்சு அகலம், நீளம், கை மூன்றையும் நாடாவோடு சேர்த்துப் படம் எடுக்கிறோம். நிறத்துக்குக் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில்.

அனுப்புமுன் ஒவ்வொருவருக்கும் மனைவி போன் பண்ணுகிறாள். "இந்த இலக்கத்திலிருந்து கூரியர் அழைப்பு வரும், எடுங்கள். எந்த நாள் வசதி?" அவ்வளவுதான். 25 க்குப் பிறகு அனுப்பச் சொன்னவர்கள் நிறையப் பேர், அவர்கள் தாங்களாகவே சொன்னார்கள். புது ஆட்களிடம் கூரியர்க் காசை மட்டும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்கிறோம். இதனால் ஓடர் குறைந்தது, பொய் சொல்லவில்லை. சிலர் "நம்பிக்கை இல்லையென்றால் வேண்டாம்" என்று போய்விட்டார்கள். போன மாதத்தைவிடக் குறைவாக அனுப்பினோம், கையில் நின்ற காசு கூட. இது ஒரு மாதக் கணக்குத்தான், பொங்கலுக்குத் தெரியும் உண்மை.

வாசலில் திரும்பியவை வந்த அன்றே அயன் போட்டுக் கடையில் தொங்கும். அயன் மேசையைத் திரும்பப் பிடித்துவிட்டோம். சைஸ் மாற்றிக் கேட்பவருக்கு ஏழு நாள், காசு வேண்டுமென்றால் காசு, கூப்பன் கிடையாது. பை இப்போது ஒட்டும் வாய் இரண்டு உள்ளது, ஒன்று போக, ஒன்று வர.

மிஞ்சியது அந்த எலி கடித்த பட்டு. தலைப்புப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை, கரை நல்லாக இருக்கிறது, உடல் நல்லாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்ன செய்யலாம்?

---

தெஹிவளைவாசகி | ஞாயிறு மாலை 6.05

தலைப்பை வெட்டி எடுத்தால் நாலரை மீற்றர் மிஞ்சுமே. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாவாடை சட்டை இரண்டு வரும். என்ன நிறம்?

---

வெள்ளவத்தைக்கடை | ஞாயிறு மாலை 6.12

மாம்பழ மஞ்சள், அக்கா. காலை வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன்.